ஊரார் பிள்ளைகளுக்கான படிப்பு

உக்காருங்க அண்ணாச்சி, ஜன்னலோரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கோயம்புத்தூர் வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. ஏழு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றதுங்கிறது எனக்கு ஆகாத காரியம்.

என்ன வேலை பாக்குறேன்னா கேக்குறீங்க? காலேஜ் வாத்தியார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி. பேரு வேண்டாம், பிரின்சிபால் காதுக்குப் போச்சுன்னா வம்பு. பொருளாதாரத் துறைத் தலைவர், எகனாமிக்ஸ் ஹெச்.ஓ.டி. அதைக் கேட்டுட்டு நீங்க ஒண்ணும் நிமிர்ந்து உக்கார வேண்டாம். துறையில மொத்தமே ரெண்டு பேரு. இன்னொரு மேடம் பிரசவ லீவுல இருக்காங்க. இப்போதைக்குத் தலைவரும் நான்தான், தொண்டரும் நான்தான்.

வாத்தியார்னு சொன்னேனே, அது ஒன்பது மாசத்துக்குத்தான். ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் நான் ஆள் பிடிக்கிறவன். வெளிய இருக்கிறவங்களுக்கு இது தெரியாது. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்ச மறுநாளே எங்க கையில ஆளுக்கொரு லிஸ்ட் குடுத்துடுவாங்க. எந்த ஊரு, எந்தப் பிள்ளை, அப்பா போன் நம்பர் என்ன, எல்லாம் அதுல இருக்கும். காலேஜ் வேன்ல ஏறி வீடு வீடாப் போகணும். காலேஜ் பேரு போட்ட பரீட்சை அட்டை ஒண்ணு, பேனா ஒண்ணு கையில குடுத்துட்டு, "அம்மா, பிள்ளை என்ன மார்க்கு?"ன்னு ஆரம்பிக்கணும். குக்கர் விக்க வந்தவன்னு நினைச்சு கதவைச் சாத்தினவங்க உண்டு. நான் பி.ஹெச்.டி. முடிச்சவன் அண்ணாச்சி.

பி.காம்.காரங்க இந்த வெயில்ல அலைய வேண்டாம். ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பாங்க, ஆளு தன்னால வரும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு சிபாரிசு லெட்டரோட வருவாங்க. அங்க இடமில்லைன்னா பி.பி.ஏ., அங்கேயும் இல்லைன்னா இங்கிலீஷ். எல்லாத்துலயும் வடிகட்டி, கடைசியா அடியில நிக்கிறது எதுவோ அது எகனாமிக்ஸ். அந்த மிச்சம் மீதியிலயும் பதினஞ்சு பேரைத் தேத்தணும். பதினஞ்சுக்குக் கீழ ரெண்டு வருஷம் தொடர்ந்து போச்சுன்னா துறையை மூடிடுவாங்க.

மூடினா என்ன ஆகும்னு கேளுங்க. தங்கதுரைன்னு ஒருத்தர், வரலாற்றுத் துறைத் தலைவரா இருந்தாரு. சோழர் காலத்துப் பாசனத்துல ஆராய்ச்சி பண்ணினவரு. துறையை மூடினாங்க. இப்போ காலேஜ் பஸ் பதினொண்ணுக்கும் அவருதான் இன்சார்ஜ். எந்த டிரைவர் லீவு, எந்த வண்டிக்கு பஞ்சர்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு கேட்டுல நிப்பாரு. என்னைப் பார்த்தா ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க, அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு இறங்க விடாது. போன வருஷம் எனக்கு பதிமூணு பேரு. இந்த வருஷம் ஏப்ரல்லயே பிரின்சிபால் போற போக்குல, "சார், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு பொறுப்பான ஆளு வேணும்"னு சொல்லிட்டுப் போனாரு. எங்கிட்ட எதுக்குச் சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா?

அதுக்காக நான் பேசுற பேச்சு இருக்கே. ஸ்கூலுங்கள்ல மேற்படிப்பு வழிகாட்டி முகாம்னு வைப்பாங்க. மைக்கைப் பிடிச்சா இருபது நிமிஷம். "மாணவிகளே! வீட்டுக்கு வீடு காய்கறி வாங்குறீங்களே, அந்த விலையை யாரு முடிவு பண்றா? அதைச் சொல்ற படிப்பு பொருளாதாரம். ரிசர்வ் வங்கியில அதிகாரி ஆகலாம். ஐ.ஏ.எஸ். மாதிரியே ஐ.இ.எஸ்.னு ஒண்ணு இருக்கு, இந்தியப் பொருளாதாரப் பணி, அதுல உக்காரலாம். உலக வங்கியில இருந்து கூப்பிடுவாங்க. கம்பெனிங்கள்ல ஆய்வாளர், பத்திரிகையில பொருளாதார நிருபர், புள்ளியியல் துறை, திட்டக் குழு, காப்பீடு. இன்ஜினியர் பாலம் கட்டுவாரு. அந்தப் பாலம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது யாரு? பொருளாதார நிபுணர்!" இந்த இடத்துல கைதட்டு வரும். எப்பவும் வரும். வரலைன்னா முதல் வரிசையில உக்காந்திருக்கிற டீச்சர் ஆரம்பிச்சு வைப்பாங்க.

பொய்யான்னு கேக்காதீங்க. ஒரு வார்த்தை பொய் கிடையாது. எல்லாம் உண்மை, எங்கேயோ யாருக்கோ. எங்க காலேஜ்ல என்கிட்டப் படிச்சவங்கள்ல ஒருத்தன் செல்போன் கடை வச்சிருக்கான், நல்லா ஓடுது. ரெண்டு பேரு போலீஸ். நாலஞ்சு பேரு குரூப் ஃபோருக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க, எட்டு வருஷமா. ஒரு பொண்ணு ஜவுளிக்கடையில சுடிதார் செக்‌ஷன். எங்க நோட்டீஸ்ல ஒரு பையன் போட்டோ போட்டு "வங்கித் துறையில் எங்கள் மாணவர்"னு அடிச்சிருப்போம், டை கட்டி நிப்பான். வங்கித் துறைதான். வண்டி லோன் தவணை கட்டாதவங்க வீட்டுக்குப் போய் வாசல்ல நிக்கிற பிரிவு. மைக்குல இதையெல்லாமா சொல்ல முடியும்?

பிப்ரவரியில கோவில்பட்டியில ஒரு பெண்கள் ஸ்கூல்ல பேசினேன். இருநூத்தி நாப்பது பிள்ளைங்க. அன்னைக்கு எனக்கே நல்லா வந்துச்சு பேச்சு. பாலத்துக்கு அப்படி ஒரு கைதட்டு. ஆனா அந்த ஸ்கூல்ல இருந்து ஒரு பிள்ளைகூட அப்ளிகேஷன் வாங்கலை. அதாவது, இருநூத்தி நாப்பது பேருல என்னை நம்பினது ஒரே ஒருத்தி. நாலாவது வரிசையில உக்காந்திருந்தா. எம் மக.

ஆமா அண்ணாச்சி, எம் மக ஓவியா. அந்த ஸ்கூல்லதான் படிச்சா. ரிசல்ட் வந்துச்சு, அறுநூத்துக்கு ஐநூத்தி எழுபத்தெட்டு. மேத்ஸ் குரூப். வீடு நிறைய சந்தோஷம். கேசரி கிண்டியாச்சு. "இனிமே என்னம்மா, சொல்லு"ன்னேன். "எகனாமிக்ஸ்"ங்கிறா. கேசரிக் கிண்ணத்தைக் கீழ வச்சேன். "யாரு சொன்னா உனக்கு?"ன்னு கேட்டேன். "நீங்கதான்பா சொன்னீங்க. மைக்குல."

அது ஊரார் பிள்ளைங்களுக்குச் சொன்னது. வீட்டுப் பிள்ளைக்கு அது புரிய வேண்டாமா? ஹோட்டல்காரன் வீட்டுல எல்லாரும் ஹோட்டல் சாம்பாரா ஊத்திச் சாப்பிடுறாங்க? எம் மனைவி ஜெயக்கொடி, தபால் ஆபீஸ்ல இருக்கா, அவகிட்ட இதைச் சொன்னேன். தலையைத் தூக்காம சொல்றா, "நீங்க பேசினதை நீங்களே நம்பலைன்னா பேசாம இருந்திருக்கணும்." முத்திரை குத்துற மாதிரியே பேசுவா.

நான் விடலை. கோயம்புத்தூர்ல பெரிய காலேஜ், ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்னு ஒரு பி.டெக். ஒரே வாரத்துல சீட் வாங்கிட்டேன். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் அங்க குடுத்தாச்சு. அது என்ன படிப்புன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் சேர்த்தேன். தெரிஞ்ச படிப்புல எவனாவது சொந்தப் பிள்ளையைச் சேர்ப்பானா? ஓவியா எதிர்த்துப் பேசலை. ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்லை. அதுக்கப்புறம் "சரிப்பா"ன்னா. அந்த "சரிப்பா"வை நான் அப்படியே நம்பினேன் பாருங்க.

இப்போ கதைக்கு வாரேன். ஜூன் கடைசி, அட்மிஷன் முடிய ரெண்டு நாள். என் கையில பதினாலு பேரு. ஒரே ஒரு ஆளு வேணும். லிஸ்ட்ல மிச்சம் இருந்தது கழுகுமலை ரோட்டுல ஒரு ஊரு, முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு. போனேன். ஓட்டு வீடு. அம்மா பேரு மாரிக்கனி, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. அப்பா இல்லை. பொண்ணு உள்ள இருந்து எட்டிப் பார்த்துச்சு, நானூத்தி அம்பது மார்க்கு. நான் மொத்தப் பேச்சையும் எடுத்துவிட்டேன். ரிசர்வ் வங்கி, உலக வங்கி, பாலம். அந்தம்மா அசையலை. கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுச்சு, அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"எல்லாம் சொல்லுறீக சாரு. உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"அவ எதுல சேந்திருக்கா?"

ஒவ்வொரு வீட்டுலயும் இதைக் கேப்பாங்க அண்ணாச்சி. போன வருஷம் வரைக்கும் எனக்குப் பிரச்சினையே இல்லை, "இன்னும் ஸ்கூல்தான்"னு சொல்லிட்டுத் தண்ணியைக் குடிச்சிடுவேன். இந்த வருஷம் அது நடக்காது. வெளிய வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறான். கண்ணு முன்னாடி மெஸ்ஸு, சாம்பார் வாளி, தங்கதுரை சிரிப்பு. சட்டுனு சொல்லிட்டேன்: "எகனாமிக்ஸ்தான். எங்க காலேஜ்லதான். என்கிட்டயேதான்."

அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே. "அப்ப சரி"ன்னுச்சு. "பெத்த பிள்ளைக்கு யாரும் கெடுதல் நினைக்க மாட்டாக. ஏளா பேச்சி, வா, வந்து கையெழுத்துப் போடு." அவ்வளவுதான். பதினஞ்சு. துறை பிழைச்சுது. வேன்ல திரும்பி வர்றப்போ டிரைவருக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

காலேஜ் திறக்குறதுக்கு முந்தின நாள் போன். மாரிக்கனி. "சாரு, எம் மவ பயந்துக்கிட்டு கெடக்கா. உங்க மவ பக்கத்துலதான் உக்காருவேன்னு சொல்லுறா. நாளைக்கு நானும் கூட வாரேன். ரெண்டு பிள்ளையையும் சேத்து உக்கார வச்சுப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

போச்சு. இந்தம்மா வந்து, சாரோட மக எங்கன்னு தேடி, இல்லைன்னு தெரிஞ்சு, "டி.சி.யக் குடுங்க"ன்னு நின்னா? பதினாலு. அதுவும் மத்த பிள்ளைங்க முன்னாடி சத்தம் போட்டா அந்தப் பதினாலும் என்ன ஆகும்னு சொல்ல முடியாது. யோசிச்சேன். யோசிக்க என்ன இருக்கு, எங்க லைன்ல இது சாதாரண விஷயம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளு வர்ற அன்னைக்கு, பக்கத்து டிப்பார்ட்மெண்ட் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காலி பெஞ்சுல உக்கார வைக்கிறது இல்லையா? நானே ஒரு தடவை வேற ஒரு காலேஜ்ல போய், ஒரு நாள் ஃபுல்லா பேராசிரியரா உக்காந்துட்டு, பிரியாணி சாப்பிட்டுட்டு வந்திருக்கேன். அதே மாதிரிதான். வீட்டுல சும்மா இருக்கிற பிள்ளை. பி.டெக். ஆரம்பிக்க இன்னும் மூணு வாரம் கிடக்கு. ஒரே ஒரு நாளைக்கு வந்து உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு?

"அம்மாடி, ஒரு உதவி"ன்னேன். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாள்தானே?"ன்னா. "ஒரே நாள்"னேன். "சரிப்பா"ன்னா. உடனே சரின்னுட்டா அண்ணாச்சி. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

முதல் நாள் நல்லாத்தான் போச்சு. முன் பெஞ்சுல ஓவியா, பக்கத்துல முத்துப்பேச்சி. ஜன்னலுக்கு வெளிய மாரிக்கனி, கையில தூக்குச்சட்டி. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரு சொல்லணும், எகனாமிக்ஸ் ஏன் எடுத்தேன்னு சொல்லணும், அது வழக்கம். ஒருத்தன் "பி.காம். கிடைக்கலை சார்"ன்னான். அடுத்தவனும் "பி.காம். கிடைக்கலை சார்." மூணாவது ஆளு "அதேதான் சார்." ஓவியா எந்திரிச்சா. "என் பேரு ஓவியா. எங்க அப்பா இந்தப் படிப்பைப் பத்தி ஒரு தடவை பேசினாங்க. அவங்க சொன்னதை நான் நம்புறேன். அதனால எடுத்தேன்." வெளிய மாரிக்கனி முந்தானையால கண்ணைத் துடைக்குது. நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம், அடுத்த வாரம் பாட்டி ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிடலாம், மெதுவா மறந்துடுவாங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே பாடத்தை ஆரம்பிச்சேன்.

மறுநாள் காலையில நான் ஷேவ் பண்ணிட்டு வெளிய வர்றேன், எனக்கு முன்னாடி பையை மாட்டிக்கிட்டு வண்டிகிட்ட நிக்கிறா. "எங்கம்மா?" "காலேஜுக்கு." "ஒரு நாள்னுதானே பேச்சு?" "சரிப்பா, நான் வரலை. ஆனா ஓவியா ஏன் வரலைன்னு பேச்சி கேப்பா. நீங்களே கிளாஸ்ல சொல்லிடுங்க. காய்ச்சல் அது இதுன்னு இல்லாம, நிஜமான காரணத்தைச் சொல்லுங்க. சொல்றதா இருந்தா நான் இப்பவே உள்ள போயிடறேன்."

ஜெயக்கொடி சமையல்கட்டுல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. தாளிக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா கேட்டுச்சு. வண்டியை எடுத்தேன், பின்னாடி ஏறி உக்காந்தா. அப்படியே ரெண்டரை வாரம் ஓடிப்போச்சு. அட்டெண்டன்ஸ்ல பதினஞ்சு பேரு. பதினாறாவதா அவளே பென்சில்ல அவ பேரை எழுதி வச்சிருக்கா. நான் கூப்பிடுறது இல்லை. கூப்பிடாமலே "உள்ளேன் ஐயா"ங்கிறா. என்ன ஒரு ஏமாத்து வேலை பாத்தீங்களா? பெத்த அப்பனை இப்படி மடக்கலாமா? ஊர்ல எத்தனை பேரை நான் பேசிக் கவுத்திருக்கேன், என்னை ஒருத்தரும் இப்படிக் கவுத்தது கிடையாது.

அதை விடுங்க. இதனால எனக்கு வந்த உடல் உபாதையைக் கேளுங்க. இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட ஒரு நோட்ஸ் இருக்கு. ஓரமெல்லாம் மஞ்சளாப் போன நோட்ஸ். கிளாஸுக்குப் போவேன், திறப்பேன், வாசிப்பேன், எழுதிப்பாங்க, மணி அடிச்சிடும். யாருக்கும் தொந்தரவு இல்லை. இவ முன் பெஞ்சுல உக்காந்த நாள்ல இருந்து அது நடக்கலை. லைப்ரரியில இருந்து புஸ்தகம் எடுத்து, நான் நாளைக்கு நடத்தப்போறதை இன்னைக்கே படிச்சுட்டு வர்றா. "சார், இந்த புள்ளிவிவரம் ரெண்டாயிரத்து மூணாம் வருஷத்துது சார்"ங்கிறா. கிளாஸ்ல சார்னுதான் கூப்பிடுவா, அதுல ஒரு குறையும் வைக்க மாட்டா. வேற வழி? நானும் உக்காந்து படிக்க வேண்டியதாப் போச்சு. இந்த வயசுல. கண்ணாடி பவரை மாத்தியாச்சு.

நேத்து, வெள்ளிக்கிழமை, தேவை விதி நடத்துறேன். விலை ஏறினா வாங்குறது குறையும், விலை இறங்கினா வாங்குறது கூடும். போர்டுல கோடு போட்டுட்டேன். இதுல யாருக்கும் சந்தேகமே வராது. முத்துப்பேச்சி கையைத் தூக்குது. ரெண்டரை வாரமா வாயே திறக்காத பிள்ளை. எந்திரிச்சு, பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குது:

"சார், எங்க வீட்டுல அப்படி இல்லையே சார். ரேஷன் அரிசி மாசம் பாதியில முடிஞ்சிரும். அப்புறம் கடை அரிசிதான். கடை அரிசி விலை ஏறிச்சுன்னா நாங்க அரிசிதான் சார் கூட வாங்குவோம். காயி, மீனு வாங்குறதுக்குக் கையில இருக்காதுல்ல? அப்ப வயிறு நெறைய சோறுதான் கூட வேணும். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சார்."

கிளாஸ்ல ரெண்டு பையனுங்க சிரிச்சானுங்க. நான் சாக்பீஸைக் கீழ வச்சுட்டேன்.

அது என் நோட்ஸ்ல இருக்கு அண்ணாச்சி. கிஃபன் முரண்பாடுன்னு பேரு. ஒரு வெள்ளைக்காரர் பேரு. ஏழைங்க சாப்பிடுற பொருள் விலை ஏறினா, அதைத்தான் அதிகமா வாங்குவாங்கன்னு. நாலு வரி. கீழ அடைப்புக்குறியில "இது நடைமுறையில் மிக அரிது"ன்னு இருக்கும். இருபத்திரண்டு வருஷமா அந்த நாலு வரியை வாசிச்சிருக்கேன். அந்த அடைப்புக்குறியையும் சேர்த்து வாசிச்சிருக்கேன். அப்படி ஒரு ஆளு இருப்பாங்கன்னு ஒரு நாளும் நினைச்சது கிடையாது. அரிதாம். கழுகுமலை ரோட்டுல தெரு பூராவும் இருந்திருக்கு. நான் வேன்ல போய் அந்த வாசல்லயே நின்னு பரீட்சை அட்டை குடுத்துட்டு வந்திருக்கேன்.

சொன்னேன், இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்கும்மான்னு. அந்தப் பிள்ளை அதோட விடலை. "பேரு சரி சார். விலை ஏறினா நாங்க கூட வாங்குவோம்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சா, அவரு ஏத்திக்கிட்டே போவாரே சார்? ஆனா அப்படிப் போகலையே. எது சார் அவரை நிறுத்துது?"

மணி அடிக்கலை. அடிச்சிருக்கலாம், பத்து நிமிஷம் பாக்கி இருந்துச்சு. நோட்ஸைப் புரட்டினேன், சும்மாதான் புரட்டினேன், அதுல இல்லைன்னு எனக்குத் தெரியும். "திங்கட்கிழமை சொல்றேன்"னேன். ஓவியா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. கேலியாப் பாப்பான்னு நினைச்சேன். அப்படிப் பாக்கலை. சந்தோஷமா இருந்தா அண்ணாச்சி. அப்பா ஒரு பதில் சொல்லப்போறாருன்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்தா. எனக்கு வந்தது என்னன்னு கேட்டா, பயம்னுதான் சொல்லணும். இத்தனை வருஷமா எத்தனை பிள்ளைங்களைச் சேர்த்திருப்பேன், முந்நூறு இருக்குமா? ஒரு நாளாவது ஒரு பிள்ளையைப் பார்த்து நான் இப்படிப் பயந்தது இல்லை.

கோயம்புத்தூருக்கு எதுக்குப் போறேன்னு இன்னும் சொல்லலையே. அந்த பி.டெக். காலேஜ்ல இருந்து நேத்து சாயங்காலம் போன். ஹாஸ்டல் ஃபாரம் மெயில்ல அனுப்பியிருக்கோம், அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு இன்னைக்கே குடுக்கணும், இல்லைன்னா வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு சீட் போயிடும்னாங்க. நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. கையெழுத்தைப் போட்டுட்டா முடிஞ்சுது. திங்கட்கிழமை அவளை அங்க கொண்டு போய் விட்டுடலாம். முத்துப்பேச்சி கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம், அட்மிஷன் எல்லாம் முடிஞ்சாச்சு, இனிமே அந்தப் பிள்ளை எங்க போயிடப் போகுது? அப்படித்தான் நினைச்சுக்கிட்டுக் காலையில கிளம்பினேன். ஓவியாகிட்ட ஒண்ணும் சொல்லலை. செருப்பை மாட்டுறேன், பின்னாடி வந்து நிக்கிறா. "திங்கட்கிழமை கிளாஸ் உண்டுல்லப்பா?" அவ்வளவுதான் கேட்டா. "உண்டு"ன்னேன். அதைச் சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். வண்டியை வீட்டுலயே மறந்து விட்டுட்டு வந்திருக்கேன்னு பஸ் ஸ்டாண்டு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

எந்த ஊரு இது, திருமங்கலமா? ரெண்டு மணி நேரமா நானே பேசிக்கிட்டு வர்றேன், நீங்க என்ன தொழில்னு நான் கேக்கவே இல்லை பாருங்க.

மளிகைக் கடையா! எங்க? சொந்தக் கடையா? எத்தனை வருஷமா? அரிசியும் விக்கிறீங்களா?

அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. உங்க கடைக்கு வர்றவங்க கூலி வேலைக்குப் போறவங்களா? சரி. அரிசி விலையை நீங்க ஏத்தினாலும் அவங்க வாங்கித்தான் தீரணும், கூடவே வாங்குவாங்க. உங்களுக்கு அது தெரியும்ல? தெரியுமா! தெரிஞ்சேதான் இருக்கு உங்களுக்கு! என் நோட்ஸ்ல அரிதுன்னு போட்டிருக்கு. அப்போ நீங்க ஏன் ஏத்திக்கிட்டே போறதில்லை? பயமா? பக்கத்துக் கடையா? இல்லை, கடன் சொல்லிட்டு வராம போயிடுவாங்களா? இருங்க, இருங்க, வேகமா சொல்லாதீங்க.

சட்டைப் பையில பேனா வச்சிருக்கீங்களா? குடுங்க. பேப்பர் வேண்டாம், இருக்கு. இதோ, இந்த ஹாஸ்டல் ஃபாரம் பின்பக்கம் பூரா வெள்ளையாத்தான் கிடக்கு, நாலு பக்கம். ஓவியாவோட டி.சி.யைத் திருப்பிக் கேக்க அங்க வேற ஒரு ஃபாரம் குடுப்பாங்க, அதை அங்க போய் எழுதிக்கிறேன்.

சொல்லுங்க அண்ணாச்சி. முதல்ல இருந்து, மெதுவாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.